பஸ்ஸில் சொன்ன குறைகள்

என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். போன ஆடியில் ஒரு மத்தியானம், கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "எப்படிம்மா ஆச்சு?" என்றுதான் ஆரம்பித்தார்கள். முதலில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். போகப்போக எந்த இடத்தில் உச்சுக் கொட்டுவார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் அவர் சாப்பிடாமல் கடைக்குப் போனதை நடுவில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னால்தான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று கண்டபின் அது தானாகவே கடைசிக்குப் போய்விட்டது. கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. காலில் மரப்பு ஏறினால் கிள்ளினாலும் தெரியாதே, அது உடம்பு முழுக்க ஏறின மாதிரி இருந்தது.

வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அவரை நல்லவராக்கிவிட்டுப் போனார்கள். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு" என்றார் என் ஓர்ப்படி. தெருமுனை வரைக்கும் கேட்கும்படி என்னிடம் கத்திய மனுஷன் அவர். கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். கிணத்து மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் பயிர் காயுதே என்று நடையாய் நடந்தவர். அவரே "சொன்னா சொன்ன நேரத்துக்குக் குடுத்துடுவாரு" என்றார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மாலை போட்ட போட்டோவைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிறார்கள் போலிருந்தது. அந்த நல்ல மனுஷனோடு நான் குடும்பம் நடத்தவில்லையே, அவருக்காக எப்படி அழுவது?

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி வேலைக்குக் கிளம்பினேன். திண்டிவனத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கிளம்பும்போது மகள் என் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள். அதோடேயே பஸ் ஏறினேன். கடையில் முதலாளி ஆஸ்பத்திரி வார்டில் பேசுவது போல மெதுவாகப் பேசினார். கூட வேலை செய்யும் பெண் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தவள் நான் உள்ளே வந்ததும் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் போகிற இடமெல்லாம் ஒரு சாவு வீடு கூடவே வந்தது.

ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். ஏறி, காலியாகக் கிடந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட மூத்த பெண் ஒருத்தி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, ஜன்னல் வழியா துண்டு போட்டு வெச்சிருக்கேன். கண்ணு தெரியலியா?"

நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

"துண்டு போட்டா சீட்டு உங்களுதாயிடுமா? பஸ்ஸை எழுதி வாங்கிட்டீங்களா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கடைசியாக அந்தக் குரலில் அவரிடம்தான் பேசியிருப்பேன். பதிலுக்கு அவள் கத்தினாள். நானும் விடவில்லை. கண்டக்டர் வந்து, "மூணு பேர் சீட்டுங்க அது. ஒட்டி உக்காருங்க" என்றார். முறைத்துக்கொண்டே ஒட்டி உட்கார்ந்தோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் அவளே பேச்சுக் கொடுத்தாள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலையாம்.

"உன் வீட்டுக்காரரு என்னா பண்றாரு?"

"மோட்டாருக்குக் காயில் கட்டறாரு."

சொன்னபிறகு திருத்தத் தோன்றவில்லை.

"குடிப்பாரா?"

"அதெல்லாம் இல்லக்கா. குறட்டைதான். பக்கத்து ரூம்ல படுத்தாக்கூடத் தூங்க முடியாது."

"விடட்டும் வுடு. என் ஆளு மூச்சு விடற சத்தமே வராது. ராவெல்லாம் மூக்குல கை வெச்சிப் பாத்துக்கினு கிடக்கறேன்."

அவள் சிரித்தாள். நான் மேலே சொன்னேன். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவாரு. பாதி குடித்த டம்ளரை டிவிக்குப் பக்கத்தில் வைப்பாரு. கல்யாணம்னா மண்டபத்துல ஜமுக்காளம் விரிக்கறதுக்கு முன்னாடியே போய் உட்காரணும்னு ஜல்தி ஜல்தின்னு பேஜாரு பண்ணுவாரு. சொல்லச்சொல்ல ஆள் தெரிந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனையோடு, என்மேல் கோபமாக.

அதன்பிறகு அவளைப் பார்க்கிற நாளெல்லாம் திண்டிவனம் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். இறங்கிவிட்டால் பழையபடி மரத்துவிடும்.

ஒருநாள் வயர் கூடையில் மிக்ஸியோடு வந்தாள்.

"ஓட மாட்டுது. சாயங்காலம் உன் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடு. காசு என்னான்னு சொல்லு, குடுத்துடறேன்."

இனி மறைக்க முடியாது.

"அவரு இல்லக்கா. ஆடியிலேயே தவறிட்டாரு."

மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். டோல்கேட் போய், கூட்டேரிப்பட்டும் வந்துவிட்டது. இவளும் இனிமேல் மெதுவாகத்தான் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப இத வேற எங்கனாதான் குடுக்கணும்" என்றாள் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பி, "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்குச் சிரிச்சிக்கினு வந்தேனே" என்றாள்.

"சிரிச்சது நல்லாதான் இருந்துச்சிக்கா."

மிக்ஸியை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள்.

"சரி. செத்துட்டா குறட்டை விட்டது இல்லேன்னு ஆயிடுமா? நீ சொல்லு."

"எங்க வீட்டு மிக்ஸியே ஒரு வருஷமா ஓடலக்கா. எப்பக் கேட்டாலும் நாளைக்கும்பாரு. அம்மியிலதான் அரைச்சேன்."

அவள் வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு நன்றாகவே சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்போதாவது நான் அழுதேன் என்று எழுதலாம். அழவில்லை. அவர்மேல் கோபம் வந்தது. அதுவே போதுமாயிருந்தது.

திண்டிவனத்தில் இறங்கியதும் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ரிப்பேர் கடையைக் காட்டினேன். சொன்ன நேரத்துக்குக் கொடுப்பானா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.