ஸ்வெட்டருக்குள் வந்த மருந்து

எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளின் கோழிகள் வெள்ளைக் கழிச்சல் நோயில் கழுத்து முறுக்கி ஒவ்வொன்றாகச் சாய்ந்த வாரத்திலேயே எஸ்டேட் சூப்பர்வைசர் நோட்டீஸோடு வந்துவிட்டார். இனி லைனில் யாரும் கோழி வளர்க்கக் கூடாது. மிச்சமிருப்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்றுவிட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

குடியிருக்கும் வீடு எஸ்டேட்டுடையது. வாசலும் அதனுடையது. கொழுந்து பறிக்கிற எங்களுக்கென்று சொல்லிக்கொள்ளக் கோழிதான் இருந்தது.

அன்றைக்கே கால்நடைக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். பிழைத்த கோழிகளின் இறக்கையில் ரத்தம் எடுத்தாள். பிறகு படிவத்தை எடுத்து, ‘தடுப்பு மருந்து’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

“ஏனுங்க அம்மிணி, அதை அடிங்க. போன மாசம் போட்டோமுங்க” என்றேன்.

“இவங்களாவது மருந்து போடறதாவது!” என்றார் சூப்பர்வைசர்.

அந்தப் பெண் அவரைக் கவனிக்கவில்லை. “மருந்தை எப்படிக் கொண்டுவந்தீங்க?” என்று என்னைக் கேட்டாள்.

சொன்னேன். ஊட்டி கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்துக் குப்பியை ஐஸ் பைக்குள் வைத்துத்தான் கொடுத்தார்கள். மஞ்சூர் பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, திருநெல்வேலிக்கே அல்வாவா? இந்தக் குளிருக்கு ஐஸ் வேறயா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. வெட்கமாகிப்போய், ஐஸை ஜன்னல் வழியே கொட்டிவிட்டேன். வளைவுகளில் குலுங்கிக் குப்பி உடைந்துவிடக் கூடாதே என்று ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். வந்ததும் அடுப்பு மேடையில் வைத்தேன். மறுநாள் லைன் கோழிகள் எல்லாவற்றுக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட்டவளும் நான்தான்.

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. “அந்த மருந்துல இருக்கறது உயிருள்ள கிருமிங்க. சூடு பட்டா செத்துரும். நீங்க கண்ணுல விட்டது வெறும் தண்ணிதான்.”

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நான் அணைத்தே கொன்றிருக்கிறேன்.

“அடிப்பாவி, என்ற சேவலு!” என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி. என் தலை தானாகக் குனிந்தது.

“பாத்தீங்களா? தெரியாதவங்க கையில கோழி எதுக்குங்கறேன்?” என்று சூப்பர்வைசர் நோட்டீஸை நீட்டினார்.

அந்தச் சொல்லில் குனிந்த தலை நிமிர்ந்துவிட்டது. “தெரியாமப் போட்டது வேறைங்க, போடாம விட்டது வேறைங்க. தப்பு என்னோடதுங்க. அத அப்படியே எழுதுங்க அம்மிணி, ஸ்வெட்டர் வரைக்கும் எழுதுங்க. இனி எங்க கோழிக்கு மருந்து எப்படி வரணும்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட மாட்டேனுங்க.”

அவள் ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். இடம் பற்றாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள்.

சூப்பர்வைசர் பேனாவைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொண்டுபோனார். சேவலை இழந்தவள், கட்டாயம் போடுவாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இவள நான் அப்புறமா வெச்சுக்கறனுங்க. அது எங்களுக்குள்ள. கோழிய உட முடியாதுங்க.”

அவளுக்குப் பின்னால் கூடி நின்ற மற்ற லைன் வீட்டுக்காரர்களும் பேனாவை வாங்கவில்லை.