அறுந்த கயிறும் பிடித்த கையும்

நானூறு கிலோ. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள்.

கிணறு வெட்டும் கிரேனின் தொட்டியில் உடைத்த கருங்கல்லை நிறைத்தால் அவ்வளவு எடை வரும். மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் வறண்ட கிணற்றில், ஒரு இரும்புக் கயிறு அந்த எடையை நாள் முழுக்க மேலே இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு அறுந்த அன்று காலையிலும் இழுத்தது. மத்தியானம் அறுந்தபோது தொட்டியில் கல் இல்லை. ஒரே ஒரு ஆள் நின்றிருந்தான். பெயர் திருமால். மேலே பிரேக் கம்பியைக் கையில் பிடித்திருந்தவள் அவன் பெண்டாட்டி பழனியம்மாள்.

கல்லைத் தாங்குகிற கயிறு மனுசனைத் தாங்காதா என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்வி. பதிலையும் ஊரே வைத்திருந்தது: பிரேக்கில் அவள் பிடி நழுவிவிட்டது.

பழனியம்மாள் பொம்மிடிப் பக்கத்துக்காரி. வயது முப்பத்தெட்டு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்யாணமாகி வந்த வீட்டில் மழையை நம்பிய கொஞ்சம் நிலம். மழை ஏமாற்றிய பிறகு புருசனும் பெண்டாட்டியும் காளியப்பனின் கிணறு வெட்டும் செட்டில் சேர்ந்தார்கள். அவன் அடியில் பாறைக்குத் துளை போடுவான். இவள் மேலே தொட்டியைக் கவிழ்த்துக் கல்லைத் தள்ளுவாள். ஒரு நாள் ஆபரேட்டர் குடித்துவிட்டு வரவில்லை. வேலை நிற்கக் கூடாதென்று இவளை உட்கார வைத்தார்கள். அப்புறம் அந்த இடத்தைவிட்டு இவள் எழுந்திருக்கவில்லை.

முதலில் ஆம்பளைகள் கிண்டல் செய்தார்கள். சீலை கட்டினவள் கையில் உசிரைக் கொடுத்துவிட்டு எவன் இறங்குவான் என்றார்கள். ஒரு மாதம் போனது. அதே ஆட்கள் வேறு யாராவது உட்கார்ந்தால் இறங்க மாட்டோம் என்றார்கள்.

காரணம், அவள் பிடி. அதை விளக்கிச் சொல்ல வேண்டும். கிரேனில் தொட்டியை மேலே இழுப்பது எஞ்சின். கீழே இறக்குவதற்கு எஞ்சின் கிடையாது, தொட்டி தன் எடையிலேயே இறங்கும். ஆபரேட்டர் பிரேக்கை அழுத்தி அழுத்தி, மெல்ல விடவேண்டும். தொண்ணூறு அடிக் கிணற்றில் அது நேரம் பிடிக்கிற வேலை. காளியப்பன் செட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவர்கள் 'உட்டுப் புடிப்பார்கள்'. பிரேக்கை முழுசாக விட்டுவிட வேண்டியது. தொட்டி பன்னிரண்டு அடி தலைதெறிக்க விழும். அப்போது பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டியது. அடுத்த மூன்றடிக்குள் நிற்கும். மறுபடி விடு, மறுபடி பிடி. ஆறு பிடியில் தொட்டி அடியில் இருக்கும்.

கெட்டிக்காரத்தனம் எல்லாம் கடைசிப் பிடியில் என்று நினைத்தார்கள். பந்தயம் கட்டி, கிணற்றடியில் சோற்றுப் போசியை வைப்பார்கள். பழனியம்மாள் அதற்கு ஒரு சாண் மேலே தொட்டியை நிறுத்துவாள். போசி ஒரு நாளும் நசுங்கியதில்லை. காளியப்பன் வருகிற போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவான். கயிற்றை மாற்று என்று ஆட்கள் கேட்டபோது மட்டும் அவனுக்குக் காது கேட்கவில்லை.

ஆள் ஏறினாலும் இதே வித்தைதான். கிணற்றுச் சுவரில் இரும்புப் படி அடித்திருந்தது. அதில் இறங்குகிறவனைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

அன்றைக்குச் சோறு தின்றுவிட்டுத் திருமால் தொட்டியில் ஏறினான். இவளுக்குக் காலையிலிருந்தே கயிற்றின் மேல் சந்தேகம். கப்பியின் மேல் ஏறுகிற இடத்தில் இரண்டு இழை முள்ளாக நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தாள். அதனால் மெல்ல இறக்க ஆரம்பித்தாள். அவன் அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:

"என்னாடி, எருமைய ஏரியில எறக்கற மாதிரி எறக்கற? உடுடி."

ஆட்கள் சிரித்தார்கள். இவள் விட்டாள். பிடித்தாள். முதல் பிடியிலேயே கயிறு அறுந்தது. மிச்சம் ஏறக்குறைய எழுபத்தைந்து அடி.

அடியில் மாது என்ற தொழிலாளி இருந்தான். வெடி வைக்கும்போது ஒதுங்குவதற்காகச் சுவரில் குடைந்த பொந்துக்குள் பாய்ந்ததால் அவன் பிழைத்தான்.

சாயங்காலத்துக்குள் காளியப்பன் பழைய கயிற்றைச் சுருட்டி எங்கேயோ அனுப்பிவிட்டான். வந்த போலீசிடம், பொம்பளை பிரேக்கை நழுவ விட்டுட்டா, கயிறு சுத்தியிருக்கிற டிரம் வேகமா ஓடிக் கயிறு அத்துப்போச்சு என்றான். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. பிடித்தோமா, நழுவிவிட்டதா என்று அவளுக்கே அப்போது குழப்பமாகிவிட்டது.

திருமாலின் அம்மா சின்னம்மாள் பிணத்துக்கு முன்னால் வைத்தே சொன்னாள்:

"எம்புள்ளயக் கொன்ன கையி. அந்தக் கையால எம்பேத்திக்கு ஒரு வாய் சோறு போடக் கூடாது."

பேத்தி சுமித்ராவுக்குப் பதின்மூன்று வயது. பிள்ளையைச் சின்னம்மாள் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள். பழனியம்மாள் வாசல்வரை போகலாம், பார்க்கலாம். சோறு போடக் கூடாது. பிள்ளையும் அம்மா முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

காரியம் முடிந்த பிறகு மாது அவளைத் தேடி வந்தான். காளியப்பனிடம் வேலை போய்விடுமென்று அதுவரை வாயைத் திறக்காதவன்.

"அக்கா, நான் கீழருந்து பாத்தேன். தொட்டி ஆகாசத்துல ஒரு வெட்டு வெட்டி நின்னுச்சு. நின்னு, அப்புறந்தான் வந்துச்சு."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் எங்கள் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். நின்னுச்சுன்னா நான் புடிச்சேன்னுதானே அர்த்தம் என்று கேட்டாள். எங்களில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவளை இன்னாசி சாரிடம் கூட்டிப்போனோம். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவர்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு பூட்டைத் தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டார். நூல் தாங்கியது. அதே பூட்டை, நூலைப் பிடித்த கையின் உயரத்துக்குத் தூக்கி, விட்டார். விழுந்த பூட்டை நூல் வெடுக்கென்று நிறுத்தப் பார்த்தது. அறுந்தது. பூட்டின் எடை மாறவில்லை. ஓடுகிற பொருளை நிறுத்த ஒரு விசை வேண்டும், எவ்வளவு குறுகிய தூரத்தில் நிறுத்துகிறோமோ அவ்வளவு பெரிய விசை வேண்டும் என்றார். ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

கணக்கையும் போட்டார். தொட்டி நூற்று இருபது கிலோ, ஆள் அறுபது. விழுந்தது பன்னிரண்டு அடி, நிறுத்தியது மூன்றடியில். மொத்தம் பதினைந்து அடி. மூன்றால் வகுத்தால் ஐந்து. நின்ற அந்த நேரத்தில் கயிற்றின் மேல் ஐந்து மடங்கு எடை, கிட்டத்தட்ட தொள்ளாயிரம் கிலோ. தினமும் முதல் பிடி அதே உயரத்தில். அதனால் தினமும் கயிற்றின் அதே இடத்தில் அடி விழுந்தது. இழை இழையாக அந்த இடம் செத்துக்கொண்டு வந்திருக்கிறது. கல்லை எஞ்சின் நிதானமாக இழுத்தது. அதனால் நானூறுக்கு அந்தக் கயிறு கடைசிவரை தாங்கியது.

"உங்க பிடி நழுவியிருந்தா கயிறு அறுந்திருக்காதும்மா. டிரம்மிலிருந்து முழுசா ஓடியிருக்கும். பாதியில அறுந்திருக்குன்னா, நீங்க நல்லா பிடிச்சிருக்கீங்க" என்றார்.

அவள் சந்தோசப்படுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் அறுந்த நூலைக் காட்டிக் கேட்டாள்:

"அப்ப நான் புடிச்சதுனாலதான் அறுந்துதுங்களா சார்?"

இன்னாசி சார் ஆமாம் என்றார். வேறு என்ன சொல்வார்.

சங்கத்தில் நாங்கள் ஒன்று சொன்னோம். கயிறு பழசு, பிடி நழுவவில்லை. இந்த இரண்டும் உண்மை. மாமியாரிடம் இந்த இரண்டைச் சொல், பிள்ளை கிடைத்துவிடும். உட்டுப் புடிக்கிற கதையை அங்கே எடுக்காதே. அவள் தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நூல்கண்டையும் பூட்டையும் எடுத்துக்கொண்டு சின்னம்மாள் வீட்டுக்குப் போனாள். மாதுவையும் கூட்டிப்போனாள். அவன் தான் பார்த்ததைச் சொன்னான். இவள் பூட்டைத் தொங்கவிட்டுக் காட்டினாள். தூக்கி விட்டுக் காட்டினாள். காளியப்பன் கயிற்றை மாற்றாததைச் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. செட்டே அப்படித்தான் இறக்கியது, அன்றைக்குத் தானும் அப்படித்தான் விட்டேன், பிடித்தேன், அந்தப் பிடியில்தான் அறுந்தது என்று முழுசாகச் சொன்னாள். மாது சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். திருமால் 'உடுடி' என்று சொன்னதை மட்டும் அவள் சொல்லவில்லை. மாது வாயெடுத்தபோது முறைத்து அடக்கிவிட்டாள்.

சின்னம்மாள் காளியப்பனைத் திட்டவில்லை. அறுந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அப்புறம் எழுந்துபோய்ப் பேத்தியின் தட்டைக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள்.

"போடு."

சுமித்ரா வந்து உட்கார்ந்தாள். பழனியம்மாள் கரண்டியை எடுத்தாள். பிள்ளை சாப்பிட ஆரம்பித்த பிறகு சின்னம்மாள் கேட்டாள்:

"உட்டுப் புடிக்காம, மெல்ல எறக்கியிருந்தா? அந்தக் கவுறு எவ்ளோ தாங்கோணும்?"

பழனியம்மாளின் கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றது.

"நூத்தி எம்பது கிலோ, அத்தை."