ஹாஃபிஸாவுக்குப் போட்ட நாற்காலி

பக்கத்து வீட்டு ஹாஃபிஸாவைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். இந்த வயசில் அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அவள் அப்பா மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் பை தைத்தார். வீட்டில் இருந்த ஒரே ரேடியோவைப் பிரித்துப் போட்டு, பத்து வயசில் அவரிடம் அடி வாங்கினாள். பிறகு ஐ.டி.ஐ. படித்து, விக்ரோலியில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் அட்டை சோதிக்கும் வேலைக்குப் போனாள். ஏழு வருஷம் டிபன் டப்பாவோடு காலையில் படியிறங்கிப் போய்வந்தாள். கம்பெனியை மூடியதும் மாடி அறையில் ஒரு மேசையைப் போட்டு, லிப்ட் அட்டை, வாஷிங் மெஷின் அட்டை என்று ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் வேலையை விட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவர்கள் பிரியாணியைத் தின்றுவிட்டுப் போனார்கள். திமிர் பிடித்தவள் என்று நான்தான் முதலில் சொல்லிப் பரப்பினேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. அந்த எரிச்சலும் இதில் உண்டு.

என் மகன் கணேசபாண்டியனும் மெக்கானிக்தான். ஜெயினுலாப்தீன் பாயின் எம்பிராய்டரி பட்டறையில் ஆறு மிஷினையும் ஒன்பது வருஷமாக அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அதே பட்டறையில் நான் நூல் வெட்டுகிறேன். மிஷின் தைத்துத் தள்ளுகிற துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் கத்தரிப்பதுதான் என் வேலை.

போன ஜூனில் நாலாம் மிஷின் நூல் நிறம் மாற்றும்போது தையலை விட்டுவிட்டுத் தைத்தது. பள்ளிக்கூடச் சட்டைக்கு முத்திரை தைக்கிற பெரிய வேலை கையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஆறு மிஷினையும் பார்க்கிற வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக பாய் சொல்லிவிட்டார். கணேசன் லேப்டாப்பை மிஷின் அட்டையோடு வயரால் இணைத்து உட்கார்ந்தான். டிபக்கர் என்று ஒன்று அதில் இருக்கிறது. மிஷினை நடத்துகிற புரோகிராம் அட்டைக்குள் வெறும் நம்பராகக் கிடக்குமாம். அதைப் படித்து, இது ஊசியை இறக்கு, இது நூலை வெட்டு என்று ஆள் படிக்கிற மாதிரி வரிவரியாகக் காட்டுமாம். சந்தேகமான இடத்தில் ‘நில்’ என்று ஒரு கட்டளையை அதுவே உள்ளே வைக்கும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு, பழையதைத் திரும்ப வைத்துவிடும்.

அவன் சாயா குடிக்கப் போன நேரம், பாய் வீட்டு மிக்ஸியை ரிப்பேர் பார்த்துக் கொடுக்க ஹாஃபிஸா பட்டறைக்கு வந்தாள். அவள் கண் நேராக லேப்டாப் பக்கம் போனது. என் மகன் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை இவள் பார்த்துத் தெரிந்துகொள்வாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. லேப்டாப்பை மூடினேன். வயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டேன். திரும்பி வந்த கணேசன் வயரை யார் கழற்றியது என்று கேட்டபோது தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகு மிஷின் நிறம் மாறும் இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றது. ஒவ்வொரு தடவையும் அதே இடம். கணேசன் இரண்டு நாள் வரிவரியாகப் பார்த்தான். புரோகிராம் சுத்தமாக இருந்தது. அட்டை செத்துவிட்டது, புதுசு வர இரண்டு வாரம் ஆகும் என்று பாயிடம் தலையைத் தொங்கப் போட்டுச் சொன்னான். வியாழக்கிழமை பாய் ஹாஃபிஸாவைக் கூப்பிட்டார்.

அவள் வந்ததும் தன் குஷன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒன்பது வருஷமாக என் மகன் உட்காருவது கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில்.

அவள் தன் லேப்டாப்பை இணைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணேசனுடையதை வாங்கிப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க டிபக்கரு அட்டையப் படிக்கவே இல்லியே. லேப்டாப்புல எடுத்து வச்ச பழைய புரோகிராம் காப்பியத்தான படிச்சுக் காட்டுது.”

கணேசன் மெதுவாகச் சொன்னான். “வயரு வழியா படிச்சா ரொம்ப லேட்டாவுதும்மா. அதான் காப்பியவே படிக்கட்டும்னு செட் பண்ணி வச்சேன். அட்டைக்குள்ள இருக்கது எங்க மாறப் போவுதுன்னு நெனச்சேன்.”

“மாறிருக்குண்ணே. ஒரு ‘நில்லு’ உள்ளயே நிக்கி.”

எனக்குக்கூட அது புரிந்தது. அளவு பார்க்க முதலில் தளர்வாகப் போடுகிற ஓட்டுத் தையலைப் பிறகு பிரிக்காமல் விட்டால் துணி இழுக்கும். அந்த நூலைத் துணியில் தேட வேண்டும். காகிதத்தில் இருக்கிற டிசைனைப் பார்த்தால் எப்படித் தெரியும்?

அவள் அந்த இடத்தில் பழையதை எழுதினாள். மிஷின் ஓடியது. நிறம் மாறும்போது தையல் விட்டதற்கு ஒரு சென்சாரில் படிந்திருந்த பஞ்சுதான் காரணம். அதைக் கணேசனே ஊதித் துடைத்துச் சரிசெய்தான்.

அந்த ‘நில்’லை யார் வைத்தது என்று பாய் கேட்டார். அது கணேசனுடைய டிபக்கர் வைத்தது என்று ஹாஃபிஸாவுக்குத் தெரியும். ஆறு மிஷினையும் அந்த நிமிஷமே அவள் வாங்கிக்கொண்டிருக்கலாம். வயர் நடுவில் கழன்றால் யாருக்கும் இப்படி ஆகும் என்று மட்டும் சொன்னாள். பாய் கணேசனை முறைத்தார். ஒன்பது வருஷம் பார்த்தவனுக்கு வயரைக் கழற்றத் தெரியாதா என்றார்.

அவள் கெட்டிக்காரியாக இருந்ததையாவது தாங்கிக்கொண்டேன். என் மகனுக்கு அவள் பிச்சை போட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

“வயரப் புடுங்குனது நான்,” என்றேன். “இந்தப் புள்ள பாத்துருவாளோன்னு புடுங்குனேன். எம்மவன் மேல தப்பு இல்ல பாய்.”

ஹாஃபிஸா என்னைப் பார்த்தாள்.

“கேட்டிருந்தா நான் திரும்பி நின்னுருப்பேனே பெரியம்மா,” என்றாள்.

இதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆறு மிஷினும் கணேசனிடமே இருக்கிறது. அட்டையைத் தொடுவதாக இருந்தால் மட்டும் ஹாஃபிஸாவைக் கூப்பிட வேண்டும் என்பது பாயின் உத்தரவு. எனக்குத் தனி உத்தரவு. வயர் இருக்கிற பக்கமே போகக் கூடாது. வாசலோரம் உட்கார்ந்து நூல் வெட்டுகிறேன். அட்டையை நேரே படிப்பது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கணேசன் அவள் மாடிக்குப் போய்க் கற்றுக்கொள்கிறான். சோற்றுக்கு உட்கார்ந்தால் ஹாஃபிஸா அப்படிச் சொன்னாள், இப்படிச் சொன்னாள் என்கிறான். குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

அவள் வருகிற அன்றைக்கு அந்தக் குஷன் நாற்காலியைத் துடைத்துப் போடுவதும் இப்போது என் வேலை. துடைக்கிறேன். அதில் ஒரு கால் ஆடுகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.