நூல் கட்டிய கத்தரிக்காய்

சங்கரன்கோவிலில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் நாலு பாத்தி கத்தரி போட்டிருந்தோம். அஞ்சாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அப்பா அம்மா ரெண்டு பேருமே விசைத்தறிக்குப் போகிறவர்கள். வருகை எடுக்கும்போது ‘உள்ளேன்’ என்பதைத் தவிர வாயைத் திறக்கமாட்டாள். ‘வாயில என்னட்டி, கொழுக்கட்டையா?’ என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

அவளைப் பேச வைத்தது அந்தச் செடிதான், நான் இல்லை. தினமும் ஸ்கேல் வைத்து உயரம் அளந்து, நேற்றைய அளவைக் கழிப்பாள். கழித்தல் கணக்கே அவளுக்கு அப்படித்தான் வந்தது. தண்ணி ஊற்றும் முறை தப்பினால் பையன்களோடு மல்லுக்கு நிற்பாள், அப்புறம் அவர்களோடேயே களை பிடுங்குவாள்.

ஒருநாள், மறுநாள் காலையில் தோட்டம் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. செடியில் பூதான், ஒரு பிஞ்சுகூட இல்லை. இன்னொரு பள்ளியில் காய் பறித்துச் சத்துணவிலேயே போட்டார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. மார்க்கெட்டில் காம்போடு சின்னச் சின்னக் கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கினேன். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு முடிச்சு வெளியே தெரியாமல் முடியத் தெரியும். பச்சை நூல் கொண்டுவரச் சொல்லி, காய்களைச் செடியில் கட்டச் சொன்னேன். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

“டீச்சர், பூவைக் காட்டுனா போதாதா?” என்றாள் அந்தப் பிள்ளை.

சொன்னதைச் செய் என்று அதட்டினேன். கட்டினாள். மற்ற பிள்ளைகளுக்கும் அவளே கட்டிக் கொடுத்தாள்.

யாரம்மா வளர்த்தது என்று அதிகாரி அவளிடமே கேட்டார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“நாங்கதான் சார். தினமும் தண்ணி ஊத்துனோம், நல்லாக் காச்சிருக்கு.”

திக்கவில்லை, திணறவில்லை. வெளியாளிடம் அவள் முழுசாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் என் பொய்யை. அதிகாரி கைதட்டினார். நானும் கூசாமல் தட்டினேன். தூ, என்ன பிழைப்பு!

கட்டிய காய் ரெண்டு நாளில் சுருங்கிவிட்டது. நானே அறுத்து எறிந்தேன். அதற்கப்புறம் அவள் ஸ்கேலைத் தொடவில்லை, தோட்டத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள்.

பத்து நாள் கழித்து அவள் பாத்தியில் நிஜமாகவே பிஞ்சு பிடித்தது. சந்தோஷம் தாங்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து, காம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதை யாரு கட்டுனா டீச்சர்?”

அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் ரெண்டு திட்டுத் திட்டியாவது தப்பித்திருப்பேன்.