ஏழு வீட்டு அபராதம்

ஒரு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம், நான் அந்த மாதிரிப் பொம்பளை இல்லை. ஆனால் ஒரு காரியம் எப்படி நடந்தது என்று புரியவில்லை என்றால் மண்டை குடைந்துகொண்டே இருக்கும். அப்படி மூன்று வருஷம் என் மண்டையைக் குடைந்தவர் குழந்தைராஜ் அண்ணன். நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். இருபது வருஷம் குடித்த மனுஷன், திடீரென்று நிறுத்திவிட்டார்.

எப்படி நிறுத்தினார்? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் பெண்சாதி ஜூலியட் ரசத்தில் ஏதோ பொடியைக் கலந்துவிட்டாள் என்றார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் மொட்டை போட்டுக்கொண்டார் என்றார்கள். கேரளாவில் போய் ஊசி போட்டுக்கொண்டதாக ஒருத்தர் சத்தியமே பண்ணினார். ஒன்றும் எனக்கு ஒப்பவில்லை.

எனக்கு இது வம்பு இல்லை. என் தம்பி ராம்கிக்கு முப்பத்திரண்டு வயது. திருத்துறைப்பூண்டியில் உரக்கடையில் வேலை பார்த்தவன், குடியால் அதை விட்டான். சாயங்காலம் ஆரம்பித்தால் நடுராத்திரிவரை நிறுத்தமாட்டான். ஈரல் வீங்கிவிட்டது, இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் என்னிடம் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்பா அம்மா இல்லை. என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில். அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான் எங்கள் குடும்பம். அவனைப் பிழைக்க வைக்கும் அந்த மருந்து எதுவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

குழந்தைராஜ் அண்ணன் எப்படிக் குடித்தார் என்பதில் எங்களுக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நெல் முற்றி நிற்கும், மேற்கே மேகம் கறுக்கும். யார் வயலில் மெஷின் முதலில் இறங்குவது என்று போட்டி. அதற்கு டிரைவருக்கு ஒரு குவார்ட்டர் வாங்கி வரப்பில் வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. வைக்காதவன் கஞ்சன். ஒரு நாளில் ஐந்து வயல் அறுத்தால் ஐந்து மரியாதை. அப்படி ஒரு தை மாதம், பஞ்சநதம் என்பவர் வயலை அறுத்துக்கொண்டிருந்தவர் வரப்பைத் தாண்டியது தெரியாமல் அடுத்த வயலில் இறங்கி, பால் பிடித்துக்கொண்டிருந்த பயிரை முக்கால் மா நிலத்துக்கு அறுத்துத் தள்ளிவிட்டார். மெஷின் முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஜூலியட் கும்பகோணத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதம் ஆளையே காணோம். பிறகு பார்த்தால் மழித்த முகத்தோடு, வெள்ளைச் சட்டையில், மறுபடி மெஷின் மேல் உட்கார்ந்திருந்தார். ஜூலியட்டும் திரும்பி வந்துவிட்டாள்.

போன தையில் எங்கள் வயலை அறுக்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கண்ணே, என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்றேன்.

"மருந்தா? தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில பத்து நாள் வச்சிருந்து குடுத்தாங்க. கை நடுக்கம் நின்னுச்சு. அதோட வந்திருந்தா மறுபடி குடிச்சிருப்பேன். எங்க ஃபாதர் அபராதம் போட்டாரு, அதுலதான் நின்னேன்."

"அபராதமா?"

"ஆமாம் வானதி. பெரிய அபராதம். இன்னும் தீர்ந்தபாடில்ல."

அதற்குள் அடுத்த வயல்காரர் கூப்பிட, அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு மெஷினில் ஏறிவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அபராதம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பயிரில் மாடு மேய்ந்தால் கட்டுவது, ஹெல்மெட் போடாவிட்டால் கட்டுவது. அட, இவ்வளவுதானா, மூன்று வருஷமாக இதற்கா மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அன்றைக்கே ராம்கியை நிற்க வைத்து, "இனிமே குடிச்சா ஒவ்வொரு தடவைக்கும் ஆயிரம் ரூபா என்கிட்ட கட்டணும்" என்றேன்.

அவன் சிரித்தான். "ஆயிரம் ரூபா இருந்தா நான் ஏன்க்கா உன்கிட்ட வரேன்?"

எனக்கு வந்ததே கோபம். என் கோபம் அப்படிப்பட்டது, வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் வரும். "அப்ப செத்துத் தொலை. என் முகத்துலயே முழிக்காதே" என்று சொல்லிவிட்டேன். அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். பம்புசெட் கொட்டகையில் படுத்துக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டேன். சோறு கொடுத்தனுப்பினால் தூக்கு அப்படியே திரும்பி வந்தது. ஒரு மாதம் ஆயிற்று.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் குழந்தைராஜ் அண்ணன் வீட்டுக்கே சண்டைக்குப் போனேன். ஜூலியட் மட்டும்தான் இருந்தாள். "இன்னைக்குத் திங்கக்கிழமை இல்லையா? அமலோற்பவம் அக்கா முறை. அங்க போய்ப் பாருங்க" என்றாள். என்ன முறை என்று கேட்கக்கூட நிற்கவில்லை நான்.

அமலோற்பவம் மாதா கோயில் தெருவில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவர். போய்ப் பார்த்தால், மெஷினையே அடக்கி ஓட்டுகிற அந்த ஆறடி மனுஷன் அடுப்படியில் சம்மணம் போட்டு முறுக்கு அச்சைப் பிழிந்துகொண்டிருந்தார். "சுத்து ஒழுங்கா வரல, பிரிச்சுட்டு மறுபடி பிழி" என்று அமலோற்பவம் அதட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ஃபாதர் அபராதத்தை நம்பி என் தம்பியைத் தொலைச்சுட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

அமலோற்பவம் முறுக்கு அள்ளும் சாரணிக் கரண்டியைக் கீழே வைத்தார். "அடி பைத்தியக்காரி, காசுன்னா நெனச்சே? நாங்க பாவசங்கீர்த்தனம் பண்ணுவோம்ல, செஞ்ச பாவத்தை ஃபாதர்கிட்ட சொல்றது. மன்னிப்புக் குடுத்துட்டு, பரிகாரமா மூணு ஜெபம் சொல்லு, நாலு ஜெபம் சொல்லும்பாரு. அதுக்குப் பேருதான் எங்களுக்கு அபராதம்."

"வருஷா வருஷம் அந்த மூணு ஜெபத்தைச் சொல்லிட்டு மறுநாளே குடிச்சவன்தான் நான்" என்றார் அண்ணன். "இந்த ஃபாதர் புதுசு. எத்தனை மணிக்குய்யா உனக்குக் குடிக்கத் தோணுதுன்னு கேட்டாரு. அதுவரைக்கும் யாருமே அதைக் கேட்டதில்ல. சாயங்காலம் அஞ்சரைக்குன்னேன். அப்ப ஏழு வீட்டுக்குப் போ, நான் குடிகாரன், வாரத்துல ஒரு நாள் அஞ்சரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும் என்னை உங்க வீட்டுல உக்கார வச்சுக்குவீங்களான்னு கேளு, ஏழு நாளுக்கு ஏழு வீடு, அதான் உன் அபராதம்னுட்டாரு."

ஆற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல மனுஷனுக்கு முறை. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஏழு வீடு கிடைக்கப் பதினோரு வாசல் ஏறினாராம். ஒரு வீட்டில் குடிக்கத்தான் கேட்கிறார் என்று இருபது ரூபாயைக் கையில் வைத்து அனுப்பினார்களாம். ஏழில் ஒன்று பஞ்சர் கடை ஹஸ்ஸான் பாயுடையது.

"ஏழாம் மாசம் ஒரு தடவை விழுந்துட்டேன்" என்றார் அண்ணன். "வாடையோட பாய் கடைக்குப் போனேன். அவருக்கு அந்த வாடையே ஆகாது. ஆனாலும் உக்கார வச்சாரு. டியூபைக் கையில குடுத்து, தண்ணியில முக்கி ஓட்டையைப் பாருங்கன்னாரு. ஒன்பது மணிக்கு வீட்டுல கொண்டாந்து விட்டாரு. மறு வாரமும் கடையைத் திறந்து வச்சிருந்தாரு."

"எல்லாம் மனுஷங்கதானே செஞ்சிருக்காங்க. உங்க சாமி என்னண்ணே செஞ்சாரு?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். தெரிந்தாக வேண்டுமே.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என்னை அவரு மன்னிச்சுட்டாருன்னு நம்பினேன் வானதி. அதனாலதான் பதினோரு வாசல்ல போய் நிக்க முடிஞ்சுது. இல்லன்னா முதல் வாசலோட திரும்பியிருப்பேன். இப்பவும் காலையில கோயில்ல போய் அதைத்தான் கேக்குறேன், இன்னைக்குப் போக வேண்டிய வீட்டுக்குப் போக வைன்னு."

அந்தக் காலத்தில் அவருக்கு வரப்பில் வைத்த குவார்ட்டரில் நான் வைத்ததும் உண்டு. கடைக்குப் போய் வாங்கி வர நான் அனுப்பியது இருபது வயது ராம்கியை. அதைச் சொல்லி அந்த அடுப்படியிலேயே அழுதேன். அமலோற்பவம் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"அந்த ஏழு வீட்டையும் நானே கேட்டுடறேன்" என்றேன்.

"நீ கேட்டா அவன் போய் உக்கார மாட்டான். அவன் வாயால கேக்கணும்" என்றார் அண்ணன். "நான் போய்ப் பேசிப் பாக்குறேன். நீ வராதே. என்னையும் கேக்காதே, அவனையும் கேக்காதே."

என்னைப் பார்த்துக் கேட்காதே என்பது, மீனைப் பார்த்து நீந்தாதே என்பது போல. குழந்தைராஜ் அண்ணன் நாலு நாள் பம்புசெட் கொட்டகைக்குப் போனார் என்று தெரியும். ஐந்தாம் நாள் அவனைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார் என்பதும் தெரியும். என்ன பேசினார்கள், அவன் எப்படி ஒத்துக்கொண்டான், ஒன்றும் தெரியாது. ஒரு நாள் துணிந்து தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. பஸ் நின்ற பதினைந்து நிமிஷத்தில் அண்ணன் சொன்னது உறுத்தி, இறங்கி வீட்டுக்குத் திரும்பினேன். பிறகு ராம்கி ஊருக்கு வந்துவிட்டான் என்று ஜூலியட் சொன்னாள். அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தான். தெருத் தெருவாக நடக்கிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். என் தெருவுக்கு மட்டும் வரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அந்த மூன்று வாரம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். ராம்கி. உடம்பு பாதியாக இருந்தது, கண் தெளிந்திருந்தது. உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றான்.

"நான் குடிகாரன்" என்றான், யாரோ வேற்றாளிடம் சொல்வதுபோல. "வாரத்துல ஒரு நாள், வெள்ளிக்கிழமை, அஞ்சரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும் என்னை உங்க வீட்டுல உக்கார வச்சுக்குவீங்களா?"

"டேய், இது உன் வீடுடா. இதைப் போய்க் கேக்கணுமா?"

"கேக்கணும்க்கா. ஆறு வீடு கிடைச்சிடுச்சு. பதினாலு வாசல் ஏறினேன், நாயைக்கூட அவுத்து விட்டாங்க. எங்கயும் பயமா இல்ல. இங்க வரத்தான் பயமா இருந்துச்சு."

மூன்று வருஷம் ஊரையெல்லாம் கேட்டுத் திரிந்த எனக்கு, இப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. என் வாய்க்குப் பயந்துதான் இந்தப் பிள்ளை இத்தனை நாள் கொட்டகையில் கிடந்திருக்கிறான்.

"வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்றேன்.

"இன்னைக்கே வெள்ளிதான்க்கா" என்று அவன் செருப்பைக் கழற்றினான். மணி ஐந்தரை ஆகியிருந்தது.