எழுதாத மொய்

வைரக்கண்ணு ஒரு காலத்தில் மீரா உசேனுக்கு எண்பது ரூபாய் கடன்பட்டிருந்தார்.

வண்டிமாடு வாங்குவதற்காகப் பட்ட கடன் அது. மீரா உசேன் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர். வைரக்கண்ணு அதுவரை பண்ணையில் ஏர் பிடித்துக் கூலிநெல் வாங்கிக்கொண்டிருந்த ஆள்; படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. மண்டி வாசலில் நின்று கையை நீட்டியபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது. மீரா உசேன் எண்ணி வைத்த தாள்களில் ஒன்று அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

தேங்காய் ஏற்றியே அந்தக் கடனை அடைத்தார். அடைத்த அன்றைக்கே ஒரு முடிவும் எடுத்தார். இனிமேல் இந்தக் கை கொடுப்பதற்குக் கவிழும், வாங்குவதற்கு மலராது.

சொன்னபடி வாழ்ந்தும் காட்டினார். ஒரு வண்டி இரண்டு வண்டியானது. பண்ணையிலேயே ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பிடித்தார். கூரை வீடு ஓட்டு வீடானது. சந்தை நாளில் அவர் வண்டிமாட்டுக் கழுத்துச் சலங்கை கேட்டால் மற்ற வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்காமலே வழிவிடுவார்கள். தம்மைப்போல் தானே முளைத்துத் தானே நிமிர்ந்த மனுஷன் கல்லணைக் கால்வாய் பாய்கிற ஊர்களில் எத்தனை பேர் என்று அவரே கேட்பார். பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

அந்தப் பக்கத்து மொய்யைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். விசேஷ வீட்டில் மேசை போட்டு ஒருவர் பணம் வாங்க, ஒருவர் நோட்டில் எழுதுவார். இன்று வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் மேலே கொஞ்சம் வைத்துத் திருப்பிச் செய்வார். அந்த மேல்பணம் இப்போது வாங்குகிறவர் பேரில் புதுக்கடனாக ஏறும். கல்யாணம் காதுகுத்து இல்லாவிட்டாலும், கைமுடை என்று வந்தால் ஆடி மாதத்தில் கிடா வெட்டி விருந்து வைத்து, கொடுத்த மொய்யைத் திரட்டிக்கொள்வதும் உண்டு. அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது.

வைரக்கண்ணு மட்டும் தனி. எல்லார் வீட்டுக்கும் போவார், மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வைப்பார். பிறகு மைக்கைப் பிடுங்கி, "வைரக்கண்ணு, அம்பத்தொண்ணு. நோட்டுல ஏத்தாத தம்பி. திருப்பி வாங்குற பழக்கம் நமக்குக் கெடையாது" என்பார். பந்தியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி தர்மாம்பாள் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவர்களுக்கு ஒரே மகள், பொன்னுத்தாய். தஞ்சாவூரில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. முடித்தாள். சோதனைச்சாலையில் வெள்ளி உப்புக் கரைசல் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்திருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார் வைரக்கண்ணு. நம் வீட்டுக் கையில் சேறுதான் கறுத்தது, என் மகள் கையில் படிப்பு கறுத்திருக்கிறது என்பார்.

அவளுக்குச் சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்தது. கட்டணம், விடுதி முன்பணம் எல்லாமாக எண்ணூற்றைம்பது ரூபாய். ஆடி முடிவதற்குள் கட்ட வேண்டும். அந்த வருஷம் பார்த்து வண்டிமாடு ஒன்று செத்துப்போயிருந்தது. கையிலிருந்ததெல்லாம் குறுவை வயலுக்குள் கிடந்தது.

வைரக்கண்ணு கலங்கவில்லை. நம்ம ஆட்சி நடக்கிறது, படிக்கிற பிள்ளைக்குச் சர்க்கார் கொடுக்காதா என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். சர்க்காரில் உபகாரச் சம்பளம் இருக்கத்தான் செய்தது. ஆனால் முதலில் பணம் கட்டிச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு கல்லூரி எழுதி அனுப்ப, பணம் மாசி பங்குனியில் வரும் என்றார்கள். பாங்கில் கேட்டதற்கு நிலத்துப் பட்டாவைக் கேட்டார்கள். குத்தகைக்காரனிடம் பட்டா ஏது? பல்கலைக்கழகமே கொடுக்கிற உதவித்தொகை முதல் இரண்டு பேருக்கு, பொன்னுத்தாய் ஐந்தாவது. ஒரு மடத்தில் நல்ல மாதிரியாகவே பேசினார்கள், தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அறக்கட்டளைப் பணம் இருக்கிறது என்றார்கள். தமிழே படிக்கக் கூடாதா என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் மகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

கேட்காமல் வந்த உதவியும் ஒன்று இருந்தது. பண்ணைக் காரியஸ்தர் பஞ்சநதம் வாய்க்கால் கரையில் அவரை நிறுத்தினார். குத்தகைக்காரர்களின் பேரைப் பதிகிறோம் என்று அதிகாரிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த நேரம். பேர் பதிந்துவிட்டால் அப்புறம் லேசில் வெளியேற்ற முடியாது.

"ஆயிரமா வாங்கிக்க. வட்டியும் வேணாம்" என்றார் பஞ்சநதம். "ஆறு மாவையும் கூலிக்குத்தான் பார்த்தேன், குத்தகை இல்லன்னு ஒரு கையெழுத்து. பொண்ணு படிச்சு வந்தா உனக்கு எதுக்கு நெலம்?"

வைரக்கண்ணு மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை வீட்டில் வந்து சொன்னபோது, நான் மேலே படிக்கவில்லை, டவுன் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டிருக்கிறேன் என்றாள் பொன்னுத்தாய். சொல்லும்போது கறுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவருக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

தர்மாம்பாள்தான் பேசினாள். "இத்தன வருசமா ஊருக்கெல்லாம் செஞ்சோம். ஒரு கெடா வெட்டி விருந்து வைங்க."

"நோட்டுல ஏத்தாதேன்னு சொன்னதே நான்தான். எந்த மூஞ்சியோட கேக்குறது?"

"சோத்தப் போட்டுட்டுக் கேக்குறதுல என்னங்க அசிங்கம்? நெலத்த எழுதிக் குடுக்குறதவிடவா?"

ஒத்துக்கொண்டார். ஆனால் அச்சாபீசில் நின்றபோது பழைய வைரக்கண்ணு முந்திக்கொண்டார். மொய் விருந்து என்று போடவா என்று கேட்டான் அச்சுக்காரன். பக்கத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். "வெறும் விருந்துன்னு போடு. நாம என்ன மொய்க்கா சோறு போடுறோம்" என்றுவிட்டார். பத்திரிகையைப் படித்துப் பார்த்த பொன்னுத்தாய் அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வருகிறவனுக்குத் தெரியாதா என்றார் அவர், அவள் கேட்காமலேயே.

வருகிறவனுக்குத் தெரியவில்லை. பந்தல் நிறையக் கூட்டம். தென்னந்தோப்பில் இலை அறுத்துப் பந்தி ஓடியது. மீரா உசேன் வீட்டாரும் சாப்பிட வேண்டுமே என்று அவர்கள் ஆளையே வரவழைத்துத்தான் கிடா அறுத்திருந்தார்கள். ஆனால் மேசை இல்லை. சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் மடியைத் தொட்டுக்கொண்டே சுற்றிப் பார்த்தார்கள். மொய் வாங்கினால் அது வைரக்கண்ணுவா, மகள் படிப்புக்குச் சந்தோஷ விருந்து வைக்கிறார் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, வெற்றிலை போட்டு, பொன்னுத்தாயை வாழ்த்திவிட்டுப் புறப்பட்டார்கள். இரண்டாம் பந்தியும் எழுந்துவிட்டது. தர்மாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். பஞ்சநதமும் வந்து சாப்பிட்டார். அவர் சட்டைப்பைக்குள் மடித்த பத்திரக் காகிதம் வெளியே தெரிந்தது.

மீரா உசேன் கை துடைத்துக்கொண்டே வந்தார். "மேச எங்க மாப்ள?"

"நமக்கு எதுக்கு மாமா மேச" என்று சிரித்தார் வைரக்கண்ணு. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மீரா உசேன் குரலைத் தாழ்த்தினார். "பாக்கு மெல்லுற மாதிரி உள்ளயே மென்னுக்கிட்டு இருந்தா எவனுக்கு என்ன தெரியும்? இத்தன வருசம் மைக்கு உன் கையிலதானே இருந்துச்சு. இன்னைக்கு எங்க போச்சு?"

பந்தல் காலோரம் பாட்டுப் போடுகிறவன் உட்கார்ந்திருந்தான். வைரக்கண்ணு போய் மைக்கை வாங்கினார். பாட்டு நின்றதும் எல்லாரும் திரும்பினார்கள். வழக்கமான பெருமைதான் வரப்போகிறது என்று சிலர் சிரிக்கத் தயாரானார்கள்.

"வைரக்கண்ணு பேசுறேன்" என்றார். "எம் மகளுக்குச் சிதம்பரத்துல மேல்படிப்புக்கு எடம் கெடைச்சிருக்கு. எண்ணூத்தம்பது ரூபா கட்டணும். எங்கிட்ட இல்ல."

அவ்வளவுதான். மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

தெருவில் சைக்கிளில் ஏறப்போன இராஜாங்கம் அதை வேலியில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சந்தை நாளில் இவரோடு சேர்ந்து பாரம் ஏற்றுகிற வண்டிக்காரர். "எங்க வீட்டுக் காதுகுத்துக்கு அம்பத்தொண்ணு வச்சீங்க. எங்க நோட்டுல இல்ல, வாஸ்தவம். ஆனா நீங்க மைக்குல போட்ட சத்தத்துக்கு ஊருல எவன் மறப்பான்? அறுபத்தொண்ணா வச்சுக்கங்க" என்றார். பந்தலே சிரித்தது. நோட்டில் ஏறாத ஒவ்வொரு தொகையும் ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்த வெளியே வந்தது. அவரே கூவிக் கூவி ஊர்க்காதில் எழுதி வைத்திருந்தார்.

நாற்றங்காலில் வேலை செய்யும் கண்ணாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாதவள். "எம் மவ கல்யாணத்துக்கு இருபத்தஞ்சு குடுத்தீங்கண்ணே. திரும்ப வேணாம்னு மைக்குல சொன்னீங்க. அன்னையிலேருந்து உங்கள எதுருல பாத்தா வரப்பு மாறிப் போவேன். இன்னைக்காச்சும் வாங்கிக்கங்க" என்றாள்.

வைரக்கண்ணுவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. கொடுத்தோம் என்று நினைத்திருந்தார். இத்தனை வீட்டாரையும் தம் முன்னால் கூச வைத்திருக்கிறோம் என்று நினைக்கவில்லை. "ஆகட்டும் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

காய் நறுக்கிய பலகையைத் தர்மாம்பாளே கழுவிக் கொண்டுவந்து போட்டாள். மீரா உசேன் பணம் வாங்க உட்கார்ந்தார், பொன்னுத்தாய் எழுதினாள். போனவர்களைக் கூப்பிட ஆள் ஓடியது. மூன்றாம் பந்திக்கு உலை வைத்தார்கள். பஞ்சநதம் வெற்றிலைகூடப் போடாமல் கிளம்பிவிட்டார். வெயில் சாயும்போது மீரா உசேன் தாம்பாளத்துப் பணத்தை அடுக்கினார். எண்ணூற்றைம்பதைத் தாண்டி நூறு ரூபாய்க்கு மேல் இருந்தது. வைரக்கண்ணு முன்பு வைத்ததற்கு மேலே ஊரார் வைத்தது இனி அவர் திருப்பிச் செய்ய வேண்டியது. ஊர் நோட்டுகளில் வைரக்கண்ணு பேரில் விழுந்த முதல் கடன்.

அவர் தோள் துண்டை எடுத்து விரித்தார். "இதுல கொட்டுங்க மாமா."

"அந்த எண்பது ரூபாயத் துண்டுலயா வாங்கின?" என்றார் மீரா உசேன். "கைய நீட்டு மாப்ள."

வைரக்கண்ணு மகளைப் பார்த்தார். அவள் கறுத்த விரல்களில் பேனாவைப் பிடித்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வலது கையை நீட்டி விரித்தார். அது அன்றைக்குப் போலவே வேர்த்திருந்தது. மீரா உசேன் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைத்தார்.