தண்ணீருக்கு ஏணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஏலக்காட்டுச் சரிவில் கால் வழுக்கி, என் வீட்டுக்காரர் பாறையில் தலை மோதி விழுந்தார். போடி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர், "ஏணி கொண்டா" என்றார். ஏணியைத் தூக்கி வந்து வைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு பானையைக் காட்டினார். அட பாவி மனுஷா, தண்ணீரா!

"காது நல்லாத்தாம்மா இருக்கு. மூளையில பேச்சுக்கான எடம் அடிபட்டிருக்கு. அவர் சொல்ல வர்றது மாறி வரும், நீங்க சொல்றதும் சரியாப் புரியாது. ஆனா பைத்தியம் இல்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஊரில் யார் கேட்டார்கள்? பார்க்க வந்தவர்களெல்லாம் அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார்கள். செவிடனாக இருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பார். பாவம், முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். "மலைக் காத்து கருப்பு அண்டிருச்சு ஆத்தா. வெள்ளிக்கிழம பேயோட்டுற கோடாங்கிகிட்டக் கொண்டுபோயி சங்கிலி போட்டாத்தான் எறங்கும்."

"ஏணின்னா தண்ணி, அம்புட்டுத்தாண்ணே! சங்கிலி போடணும்னா எனக்குப் போடு" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. அப்படிக் கட்டிப்போட்டு நடைப்பிணமாகத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை அவரைக் காணவில்லை. வேலை செய்த காட்டுக்குத்தான் போயிருப்பார் என்று ஏறினோம். ஒரே பனி. அண்ணனும் ஆட்களும் பேர் சொல்லிக் கத்தினார்கள். பதில் இல்லை.

"பேரக் கூப்பிட்டும் பேச்சுமூச்சு இல்லையே. இது நம்ம மாப்ளையே இல்ல" என்றார் அண்ணன். பேரும் ஒரு சொல்தானே, அது மட்டும் எப்படிப் புரியும்?

எங்கள் காட்டில் பனி இறங்கினால் யாரும் பேசிக் கூப்பிடுவதில்லை, கூவுவோம். குடும்பத்துக்கு ஒரு கூவல். எங்களுடையது நெட்டையாக ஒன்று, குட்டையாக இரண்டு. அதையே தலைகீழாகக் கூவினால் பதில். கையைக் குவித்துக் கூவினேன். ஒன்றுமில்லை. தொண்டை கிழிய மறுபடி கூவினேன்.

கீழேயிருந்து வந்தது: குட்டையாக இரண்டு, நெட்டையாக ஒன்று.

அழுதுவிட்டேன், அதிலென்ன வெட்கம்! செடிகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தவர், மூச்சு வாங்க எங்கள் முன்னால் நின்று, "ஏணி" என்றார்.

நான் கையை நீட்டுவதற்குள் அண்ணன் தண்ணீர் கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டார்.

"இந்தாங்க மாப்ளே, ஏணி" என்றார், மெதுவாக.